தேற்றாத்தீவு மணலில் ஆழம் போகலாமா?

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே மணல். தேற்றாத்தீவில் சற்று ஆழமாகக் கெல்லினாலே தண்ணீர் சுரக்கும். மாரியில் வாவி நிரம்பினால், முகத்துவாரம் வெட்டும்வரை பள்ளமான வளவுகளில் தண்ணீர் முற்றத்திலேயே நிற்கும். இங்கே மாடி கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது “மணல் தாங்குமா?” என்பதைத்தான். கலையாமல் இறுகிப் படிந்த மணல் நன்றாகவே தாங்கும். தண்ணீருக்குக் கீழே தோண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

குழிக்குள் பம்பி போட்டு இறைத்தால், வெளியே நிற்கும் நீர் மணலுக்குள்ளால் புகுந்து அடியிலிருந்து மேலே பாயும். அந்த வேகத்தில் மணல்மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிட, குழியின் அடி உலைக்கஞ்சி போலக் கொதிக்கும். எவ்வளவு அள்ளினாலும் ஆழம் கூடாது. வருவதெல்லாம் பக்கத்து நிலத்து மணல். அருகில் மதில் இருந்தால் வெடிக்கும்.

கிணறு இறக்குகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சீமெந்துக் கொட்டை நிமிர்த்தி வைத்து, உள்ளே நின்று அதன் விளிம்புக்குக் கீழுள்ள மண்ணைச் சுற்றிவரச் சமமாக எடுப்பார்கள். ஒரு பக்கம் கூடினால் கொட்டு சரிந்துவிடும். தன் பாரத்தாலேயே அது இறங்க, மேலே அடுத்த கொட்டு ஏறும். தண்ணீர் கண்டபின் அதை வற்ற இறைக்காமல் தண்ணீருக்குள்ளேயே மண்ணை அள்ளினால், உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒத்திருக்கும், மணல் பொங்காது. பெரும் பாலங்களின் கிணற்று அத்திவாரமும் இதே வேலைதான். 1943இல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹவுரா பாலத்துக்கு இறக்கிய பெட்டி ஏறக்குறைய 55 மீற்றர் நீளம், 25 மீற்றர் அகலம். அதற்குள் இருந்த 21 குழிகளின் வழியே மண்ணை எடுக்க எடுக்க அது கீழே இறங்கியது.

மாடியின்கீழ் வாகனம் நிறுத்தக் கட்டும் நிலக்கீழ் அறை அப்படியல்ல. அது உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஒரு கனமீற்றர் நீர் ஒரு தொன். நீர் நிலமட்டம்வரை நின்றால், 3 மீற்றர் ஆழத்திலுள்ள தளத்தை ஒவ்வொரு சதுரமீற்றரிலும் 3 தொன் விசை மேலே தள்ளும். கொங்கிறீற்றின் பாரத்தால் மட்டும் அதை அடக்க 1.25 மீற்றர் தடிப்புத் தளம் வேண்டும். மேலே கட்டடம் எழுந்து பாரம் ஏறும்வரை பம்பியை நிறுத்தவும் முடியாது.

எனக்குக் கவலை அந்தப் பம்பிதான். நாம் குடிப்பது உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையை. கடல்மட்டத்துக்கு மேலுள்ள அதன் உயரம் ஓர் அடி குறைந்தால், கீழேயுள்ள உப்பு நாளடைவில் 40 அடிவரை எழக்கூடும். பக்கத்துக் களுதாவளையில் வெற்றிலைக்கு இறைப்பதும் இந்தப் படையிலிருந்துதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவுமீறி இறைப்பது உப்பைப் போக்காது, கூட்டவும் செய்யும் என்று சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் அப்போது எச்சரித்தது. ஒருவரின் நிலக்கீழ் அறைக்காக அயலவர் கிணறு உவர்க்கக் கூடாது.

வழியே இல்லை என்றில்லை. சென்னை மெட்ரோவின் நிலக்கீழ் நிலையங்களுக்கு முதலில் ஒடுக்கமான பள்ளம் வெட்டி, அது இடியாதபடி பெந்தனைற்றுக் களிக்குழம்பால் நிரப்பினார்கள். அதற்குள் கம்பிக்கூட்டை இறக்கி, குழாய்வழியே அடியிலிருந்து கொங்கிறீற் இட்டுச் சுற்றுச்சுவர் கட்டிய பிறகே உள்மண்ணை எடுத்தார்கள். அத்தகைய சுவர் நீர் புகாத படைவரை இறங்கினால் வெளியே நீர்மட்டம் அவ்வளவாக இறங்காது. ஆனால் அந்த இயந்திரங்களும் செலவும் ஒரு வீட்டுக்கோ கடைக்கோ கட்டுப்படியாகாது. வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்றால் தூண்களில் வீட்டை உயர்த்துங்கள். வெள்ளத்துக்கும் அதுவே நல்லது.

அடி மூடிய மலக்குழித் தொட்டியும் ஒரு நிலக்கீழ் அறைதான். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 மீற்றரான தொட்டியை மாரியில் முழுதாக உறிஞ்சினால், சுற்றி நிற்கும் நீர் அதை 8 தொன் விசையோடு தூக்கும். பிளாஸ்ரிக் தொட்டியென்றால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடக்கூடும். கோடையில் உறிஞ்சுவியுங்கள். மாரியில் தவிர்க்க முடியாவிட்டால் பாதியோடு நிறுத்தி, உடனே தண்ணீர் விட்டு நிரப்புங்கள்.