மோட்டார் நிக்குது... போர்டு சாகுது!

மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் மூணே நாள். நெய்வேலி டவுன்ஷிப்ல எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி ஒரு பலா மரம், நாலு வரிசை கத்திரிச் செடி. மண் காய்ஞ்சா சென்ஸார் சொல்லும், ஏடிமெகா328 கேட்டுக்கும், ரிலே 'டிக்'னு அடிக்கும், அரை ஹெச்.பி. மோட்டார் தண்ணி விடும். சிம்பிள்!

ஆன் ஆகும்போது சமர்த்து. ஆஃப் ஆகும்போதுதான் வில்லங்கம். பொசுக்குன்னு ரீசெட் ஆகி, எல்.சி.டி-யில 'வெல்கம்' வந்துடும். எவ்வளவு நேரம் தண்ணி விட்டோம்ங்கிற கணக்கெல்லாம் ஜீரோ. பத்து தடவைக்கு ஏழு தடவை இதே கதை.

ரெண்டு ராத்திரி முழிச்சு கோடைத் திருப்பித் திருப்பி எழுதினோம். ம்ஹூம். டீம்ல ஒருத்தன், "மச்சி, உங்க ஊரே பவர் ஹவுஸ். அங்கேருந்துதான்டா இன்டர்ஃபியரன்ஸ்"னு தீர்ப்பே சொல்லிட்டான். நியாயமாத்தான் பட்டுச்சு. 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையம் 2020-ல மூடியாச்சுன்னாலும், மத்த நிலையங்கள் ஓடுது. சுரங்கத்துல மண் வெட்டுற ராட்சத சக்கர இயந்திரம்கூட கரன்ட்லதான் சுத்துது.

ஆனா அந்தக் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 50 சுற்று, நிதானமான ஆசாமி. சின்ன போர்டைக் கவுக்கிறது, மின்னல் வேகத்துல ஏறி இறங்குற சங்கதி. ரிலே கான்டாக்ட் பிரியும்போது மோட்டார் சுருள்ல இருக்கிற சக்தி போக வழியில்லாம பொறியா வெடிக்கும். அதுல மெகாஹெர்ட்ஸ் கணக்குல சத்தம் இருக்கும். வில்லன் மூணு கிலோமீட்டர் தள்ளி இல்லீங்க, மூணு இன்ச் தள்ளி!

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, அப்பா. எலெக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ்ல இருந்து ரிடையர் ஆனவர். "மோட்டாரைக் கழட்டிட்டு ரிலேவை மட்டும் அடிச்சுப் பாருடா"ன்னார். அடிச்சேன், ரீசெட் ஆகலை. அப்ப ரிலே சுருள் மேல தப்பில்ல (அதுக்கு 1என்4007 டயோடு முன்னாடியே போட்டிருந்தோம்). மோட்டாரை மாட்டினதும் மறுபடி 'வெல்கம்'.

அடுத்து பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து, மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சார். மோட்டார் நிக்கிறப்பல்லாம் 'படார்'! ஒயர் ஒயரா ரேடியோவை நகர்த்தினோம். ரீசெட் பட்டன் ஒயர்கிட்ட வந்தப்ப காது கிழிஞ்சுது. பாக்ஸ் மூடியில அழகா இருக்கட்டும்னு நான்தான் பட்டனை அங்க வெச்சு, ஒரு அடி ஒயரை மோட்டார் ஒயரோட சேர்த்துக் கட்டியிருந்தேன். அது ஒயர் இல்ல, ஆன்டெனா!

முதல்ல அந்த ஒயரை வெட்டினேன். ஏழு ரெண்டாச்சு. ரீசெட் பின்லயும், சிப்போட வி.சி.சி-கிரவுண்ட் பின்களை ஒட்டியும் '104' கெபாசிட்டர் வெச்சேன். ஒண்ணாச்சு. கடைசியா ரிலே கான்டாக்ட்டுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் சீரிஸ்ல. ஐம்பது தடவை அடிச்சும் ஒரு ரீசெட்கூட இல்ல. ஒவ்வொண்ணா மாத்தினதாலதான் எது எவ்வளவு உதவிச்சுன்னு தெரிஞ்சது.

கவனம் பாஸ்... எக்ஸ்2-க்குப் பதிலா சாதா கெபாசிட்டர் வேணவே வேணாம். அப்புறம், இந்த செட்டப் வழியா ரிலே ஆஃப்ல இருந்தாலும் சுமார் 7 மில்லி ஆம்பியர் ஓடும். பிளக்கைப் பிடுங்காம மோட்டார்ல கை வைக்காதீங்க.

நிஜ கம்பெனிகளும் இதே தலைவலியைச் சந்திக்குதுங்க. ஐஇசி 61000-4-4-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ஸ்விட்ச் கான்டாக்ட் பிரியும்போது வர்ற இதே மாதிரி வெடிப்புகளைச் செயற்கையா அனுப்பி, சாதனம் தாங்குதான்னு பார்ப்பாங்க. சென்னை தரமணியில சி.ஐ.டி. வளாகத்துல இருக்கிற சமீர் மையத்துல இந்த வகை சோதனைகளுக்குன்னே தனி லேப் இருக்கு.

ரிவ்யூவில கோடு பத்தி கேள்வி மழை பொழியும்னு பயந்துட்டே போனோம். சார் பாக்ஸைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "இங்க என்னப்பா, ஒரு ஒயர் அறுந்து தொங்குது?"