இல்லம் தேடி ஊசி வரட்டும்

2021 மே மாதக் கடைசி வாரத்தில் கோவை மாவட்டத்தின் தினசரி கொரோனா எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. மே 30 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வந்து, கவச உடை அணிந்து கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தார். இருகூரில் காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தது. சென்ற நூற்றாண்டின் கொள்ளைநோய் நாட்களை மறக்காமல் இன்றும் பிளேக் மாரியம்மனைக் கும்பிடும் ஊர் கோவை. பயத்தின் ஆழம் இந்த மண்ணுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் அதிகம் பயப்பட வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் முதியோர் இல்லவாசிகள். பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, தோட்டத்துச் சாளையில் தனித்திருக்க முடியாத அப்பிச்சிகளும் அம்மாயிகளும் இல்லங்களுக்கு வந்து சேர்கிறார்கள். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் வசதியான முதியோர் குடியிருப்புகள் உண்டு. நன்கொடையில் ஓடும் சிறிய இல்லங்களும் உண்டு.

வாசலைக் கடந்து வருபவர்கள்

வயது ஏற ஏற நோய் எதிர்ப்பு ஆற்றல் தளர்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நெஞ்சு நோய் என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கிறது. ஒரே சமையல், ஒரே சாப்பாட்டுக் கூடம். குளிப்பாட்டிவிடும் ஆயா ஒருவரே பல பேரைத் தொட்டுத் தூக்குகிறார். அந்த முதியவர்கள் வெளியே போவதில்லை. சமையல்காரர், ஆயா, டிரைவர், நர்ஸ் என்று தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் வழியாகத்தான் கிருமி அவர்களிடம் வருகிறது. அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே இத்தகைய இல்லங்களில் வசிக்கிறார்கள். ஆனால் தடுப்பூசிக்கு முந்தைய மாதங்களில் அந்த நாட்டில் நேர்ந்த கொரோனா மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த இல்லங்களோடு தொடர்புடையது.

ஊசி என்ன செய்தது?

2021 தொடக்கத்தில் அமெரிக்காவின் 280 இல்லங்களில், சுமார் 22,000 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முதல் ஊசி போட்ட இரண்டு வாரங்களுக்குள் 4.5 சதவீதம் பேருக்குத் தொற்று கண்டது. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தபின் அது 0.3 சதவீதமாகச் சுருங்கியது. அதே இல்லங்களில் ஊசி போடாதவர்களிடமும் தொற்று 4.3-லிருந்து 0.3 சதவீதத்துக்கு இறங்கியது. முகக்கவசமும், அப்போது அந்த நாட்டில் அலை தணிந்துகொண்டிருந்ததும் இதில் சேர்த்தி. ஆனாலும் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசி, போடாதவரையும் பாதுகாத்திருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

நம்மூர்ச் சான்றும் கையில் இருக்கிறது. தமிழகக் காவல்துறையினர் 1,17,524 பேரைப் பற்றிய கணக்கை ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. இரண்டாம் அலையிலேயே, மரணத்தைத் தடுப்பதில் ஒரு ஊசி 82 சதவீதமும் இரண்டு ஊசி 95 சதவீதமும் பலன் தந்தன.

தாமதமாக வந்த உத்தரவுகள்

பிரிட்டன் தன் முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரியிலேயே இல்லவாசிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் வைத்தது. இந்தியா வயதை அளவாகக் கொண்டது. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி உண்டு. ஆனால் படுக்கையில் கிடப்பவர் மையத்துக்கு எப்படிப் போவார்? ஆதார் அட்டை தொலைந்தவர் எதைக் காட்டுவார்? அடையாள அட்டை இல்லாத இல்லவாசிகளுக்கும் ஊசி போடலாம் என்ற வழிமுறையும், வீட்டருகே முகாம் நடத்தும் ஏற்பாடும் மே மாதத்தில்தான் வந்தன. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி என்ற அறிவிப்பு செப்டம்பரில் வந்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. பராமரிப்பாளர்களுக்கோ தனி வரிசையே கிடையாது. 25 வயது ஆயா, தன் வயதுக்காரர்களோடு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி செய்ய வேண்டியது

கொள்ளைநோய் ஓய்ந்தாலும் இல்லங்களில் ஆபத்து ஓயவில்லை. வடகிழக்குப் பருவமழையோடு ஃபுளூ ஆண்டுதோறும் வருகிறது. ஃபுளூ தடுப்பூசியை ஆண்டுக்கொரு முறையும், நிமோனியா தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் கணக்கிலும் முதியவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாக வைத்த தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் முதியோருக்கான ஃபுளூ ஊசி இல்லை. நன்கொடையில் ஓடும் இல்லம் இந்தச் செலவை எங்கிருந்து எடுக்கும்?

வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போகிறது. அதே ஏற்பாட்டின் துணையோடு, மழைக்கு முன்பே, ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் இலவச ஃபுளூ ஊசி போக வேண்டும். சமையல்காரர், ஆயா, டிரைவர், வாட்ச்மேன் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகும் பிள்ளைகள் அறையையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு நிற்காமல், “இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஊசி போட்டிருக்கிறார்களா?” என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வழக்கமாகிவிட்டால், பதில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் எல்லா இல்லங்களுக்கும் வரும்.