போக்குவரத்துத் தொழிலும் கடன்முதலும்

வாணிகம் செய்வாருட் பலர் முதல் தேடுவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். தேடிய முதல் எவ்விடத்தில் எவ்வாறு முடங்கும் என ஆராய்வார் சிலரே. வண்டித் தொழிலுக்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது என்பதற்குத் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் தக்க சான்றாகும்.

மூணாற்றுத் தேயிலையைக் கீழ்நாட்டிற்குக் கொணர்தற்பொருட்டு 1902-ஆம் ஆண்டில் டாப் ஸ்டேஷன் வரையில் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908-இல் அது சிறு இருப்புப்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, அங்கிருந்து போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்படவேயில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் திறக்கப்பட்ட இரயில் பாதையோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பெற்று, 1950-களில் மறுபடியும் இடப்பட்டது. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டிறுதியில் நிறுத்தப்பட்ட அவ்வழி, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலுமே திறக்கப்பட்டது. மண்ணிற் பதித்த முதலைப் பெயர்த்துப் பிறிதோரிடத்தில் பயன்படுத்தல் எளிதன்று என்பது இவற்றால் விளங்கும்.

நிற்க. லாரி அங்ஙனமன்று, ஒரு வழி அடைபட்டால் வேறு வழியிற் செல்லும். ஆயினும் அதற்கிட்ட முதல் பெரும்பாலும் கடன்முதலேயாகும். தவணை முறையில் வண்டி வாங்குவோர் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, எஞ்சியதை வட்டியுடன் மாதந்தோறும் செலுத்துவர். கடைசித் தவணை தீருமளவும் கடன் கொடுத்தாரது உரிமை வண்டியைவிட்டு நீங்குவதில்லை. தவணைகள் தவறின் வண்டி கைவிட்டுப் போகும். முன்பணத்திற்காக அடகு வைத்த நகையும் வீடும் உடன் போதலுமுண்டு.

வருவாய் நாளுக்கு நாள் மாறும், தவணையோ மாறாது. இடர் பிறக்குமிடம் இதுவே. டீசல், ஓட்டுநர் சம்பளம் முதலியன போக நாளொன்றுக்கு 3,000 ரூபாய் எஞ்சுவதாகவும், மாதத் தவணை 50,000 ரூபாய் எனவும் கணக்கிற்காகக் கொள்வோம். மாதத்தில் 20 நாள் ஓடினால் 10,000 ரூபாய் மிஞ்சும். 14 நாளே ஓடினால் 8,000 ரூபாய் குறையும். ஆறு நாளின் வேற்றுமையால் இலாபம் நட்டமாகின்றது. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுப் பூசலால் குமுளி வழியே போக்குவரத்துத் தடைப்பட்டது. அத்தகைய காலங்களில் வண்டி நிற்குமேயன்றித் தவணை நிற்பதில்லை. ஏலக்காய், திராட்சை, காய்கறி ஆகியவற்றின் வரத்துக் குறையும் பருவங்களிலும் இவ்விடுக்கண் நேரும்.

ஆகவே, வண்டி வாங்க விரும்புவோர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, நல்ல மாதத்தின் வரவைக் கொண்டன்றி, மெலிந்த மாதத்தின் வரவைக் கொண்டே தவணைத்தொகையை வரையறுத்தல் வேண்டும். இரண்டாவது, சில மாதத் தவணைக்குரிய பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்ட பின்னரே தொழிலில் இறங்குதல் நலம். முதல் வண்டியின் கடன் தீருமுன் அதனை நம்பி இரண்டாம் வண்டி வாங்குதல் இக்கையிருப்பை அழித்துவிடும். மூன்றாவது, ஒரே சரக்கையும் ஒரே வழியையும் நம்பியிராமல், சென்ற வண்டி வெறுமையாய் மீளாதபடி திரும்புகாலில் ஏற்றத்தக்க சரக்கையும் முன்னரே தேடிக்கொள்ளல் வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. கடன் வாங்குதல் குற்றமன்று. அளவாமல் வாங்குதலே கேடு. மாணவ நண்பர்களுள் வண்டித் தொழிலால் வாழும் குடும்பத்தினரும் இருத்தல் கூடும். அன்னார் விடுமுறை நாளில் தந்தையாரோடு அமர்ந்து இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராயின், யாம் எழுதியது வீண்போகாது.