புறங்கை அறியும் சூடு

முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போன ஒருவரைப் பிழைக்க வைத்தது சஸ்திர வைத்தியரின் சாமர்த்தியமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பிய பிற்பாடு அவரை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பவை, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பதும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளுவதும், காலையும் மாலையும் முதுகையும் குதிகாலையும் உற்றுப் பார்ப்பதுமாகிய, பேர் பெறாத காரியங்களே. அவற்றைத் தாமும் செய்து, குடும்பத்தாருக்கும் கற்பிக்க வேண்டியவர் நர்ஸ்.

படுக்கைப்புண் வருமுன் தோல் சிவக்கும் என்பது பாடம். நம்மவரின் கரிய மேனியிலோ அந்தச் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. ஆகையால் புறங்கையை வைத்து, அவ்விடம் மட்டும் சுடுகிறதா என்றும், விரலால் தொட்டு, சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டித்தோ கொழகொழத்தோ இருக்கிறதா என்றும் அறிய வேண்டும். இந்த ஸ்பரிச ஞானம் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு வருவதன்று. மூத்த நர்ஸ் ஒருவர் மாணவியின் கையைப் பிடித்து வைத்துக் காட்ட வருவது.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கியது 1918-இல். நர்ஸ் பயிற்சியை அவர் 1909-லேயே தொடங்கிவிட்டார். இந்த முன்பின் தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்து, அமெரிக்கா சென்று மறுவாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். 1966-இல் அங்கே எழுந்த மறுவாழ்வு நிலையத்தின் பின்னால் அவருடைய சொந்தத் தேகத்தின் அனுபவம் இருந்தது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் ஏறக்குறைய 2.68 கோடிப் பேர். பத்தில் ஏழு பேர் கிராமவாசிகள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் வீட்டுத் திண்ணைக்கே அனுப்புவது மெச்சத்தக்கது. ஆயினும் பிரசவ வலியில் துடிக்கும் செவிப்புலனற்ற பெண்ணிடம், உதட்டசைவையும் மறைக்கும் முகமூடியோடு ‘முக்கு, முக்கு’ என்று கத்துவதில் பயனில்லை என்பதை அந்த நர்ஸுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அப்படிப் பிள்ளை பெற்ற ஒரு தாயையே வகுப்புக்கு அழைத்து, சைகைகளைக் கற்பிக்கச் செய்து, மற்ற ஆசிரியருக்குப் போலவே அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.