மிளகு வாங்க வந்தவர்கள் ஊரையே விற்றுவிட்டுப் போன கதை! தரங்கம்பாடிக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேனிஷ் கோட்டை. விடுமுறை நாளில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். எங்கோ இருக்கும் டென்மார்க்காரன் இங்கே எதுக்கு கோட்டை கட்டினான்?

எல்லாம் மிளகுக்காகத்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மிளகுக்கு ஏக கிராக்கி. 1620-ல் டென்மார்க் மன்னர் அனுப்பிய கடற்படைத் தளபதி ஓவே கெட்டே, தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டார். வருடா வருடம் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் இடம் கிடைத்தது. கோட்டை எழும்பியது. மிளகும் துணிமணிகளும் கப்பல் ஏறின.

இங்கே ஆழமான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில்தான் நங்கூரம் போடும். அலையைத் தாண்டி சரக்கு ஏற்றி இறக்க உள்ளூர்க்காரர்களின் படகுகள்தான் கைகொடுத்தன.

கப்பலே வரவில்லை!

1650-ல் டேனிஷ் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு டென்மார்க்காரர். ஊர்க்காரர்கள் துணையோடு அவர் கோட்டையைக் காப்பாற்றி வந்தார். 20 வருடங்களுக்கு மேல் எட்டிப் பார்க்காத டென்மார்க் கப்பல், 1669-ல்தான் மறுபடி வந்து சேர்ந்தது.

சண்டையில் லாபம்

18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் மோதிக்கொண்டன. டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. டேனிஷ் கொடி பறந்தால் சரக்கு பத்திரம் என்ற நிலை. தரங்கம்பாடி வியாபாரிகள் நன்றாகக் கல்லா கட்டினார்கள். இங்கிலீஷ் கம்பெனி அதிகாரிகளே கணக்கில் வராத பணத்தை டேனிஷ் கப்பல் வழியாக ஊருக்கு அனுப்பினார்கள்.

ஆனால் 1807-ல் டென்மார்க்கும் சண்டைக்குள் இழுக்கப்பட்டது. அடுத்த வருடமே ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்தனர். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது, போன வியாபாரம் திரும்பி வரவில்லை.

கட்டுப்படியாகாத கடையை எத்தனை நாள் திறந்து வைப்பது? 1845-ல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். படகு தள்ளியவனையும், கோட்டையைக் காத்துக் கொடுத்தவனின் பேரனையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1861-ல் நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு ரெயில் ஓடியது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. தரங்கம்பாடி மீண்டும் மீனவர் ஊரானது.

ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இப்போதும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. கோட்டை நம்மிடம் இருக்கிறது. உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. அடுத்த முறை போனால் போட்டோவோடு நிறுத்திவிடாமல் உள்ளேயும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம்.