இடி கேட்டால் சைக்கிளை விட்டிறங்குங்கள்

மலைச் சைக்கிள் ஓட்டம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முறையாக அரங்கேறியபோது, வீரர்களை வாட்டியெடுத்தது மேடு பள்ளத்தை விடவும் வெயில்தான். நெதர்லாந்தின் பார்ட் பிரெண்ட்யென்ஸ் முதல் தங்கத்தை வென்றார்.

கல்முனையில் மலை இல்லை; வெயிலுக்கோ குறைவில்லை. தடித்த டயர் பூட்டிய சைக்கிளுக்கு இங்கே வயல் வரம்பும் வாய்க்கால் கட்டும் கடற்கரை மணலும் போதும். மணலில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும், புதையாது. உப்புக் காற்று சங்கிலியைத் துருவாக்கிவிடும். கழுவித் துடைத்து எண்ணெய் இடுவது இக்கரையில் அவசியம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுபஹு தொழுகை முடிந்த கையோடு புறப்படுவதே புத்தி. வெறுந்தண்ணீர் மட்டும் போதாது; வியர்வையோடு உப்பும் போகிறது.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை திடீரெனத் திரளும். வெட்டவெளி வயலில் சைக்கிளில் இருப்பவரே சுற்றுவட்டத்தில் உயரமானவர். அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கை, உழவு இயந்திரத்தோடும் படகோடும் சைக்கிளையும் சேர்த்தே தவிர்க்கச் சொல்கிறது. மரத்தடியும் ஆகாது.

இடி முழங்கினால் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி முழக்கம் ஓய்ந்து 30 நிமிடங்கள் கழித்தே மீண்டும் சைக்கிளில் ஏறுங்கள்.