ஒரு பொருளும் பல சொற்களும்
செவிலியர் ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடும் முறை

முன்னுரை

நோயாளியை மருத்துவர் வந்து பார்த்துச் செல்லும் நேரம் சிறிது. செவிலியர் உடனிருந்து பேணும் நேரமோ பெரிது. நோயின் போக்கை மருந்து மாற்றுவது போலவே பேணும் முறையும் மாற்றுகிறது. இவ்வுண்மையை 1859ஆம் ஆண்டில் வெளிவந்த செவிலியம் பற்றிய தம் குறிப்பு நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வலியுறுத்தினார். படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்கு உண்டாகும் படுக்கைப் புண்ணுக்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று, பேணுதலில் நேர்ந்த குறையே காரணம் என்பது அவர் கருத்து.

அவர் காலத்துக்குப் பின்னர்ச் செவிலியம் ஆய்வுத் துறையாக வளர்ந்துவிட்டது. புண்ணைத் தடுப்பது, வலியை அளப்பது, முதியோர் கீழே விழாமல் காப்பது என ஒவ்வொன்றைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வந்த வண்ணம் உள்ளன. ஆயினும் எழுதப்பட்ட கட்டுரை தேடுவோர் கைக்குக் கிட்டாவிடின் எழுதப்படாத கட்டுரையே ஆகும். அதனைக் கிட்டச் செய்யும் கருவிகள் இரண்டு. ஒன்று, வரையறுத்த சொற்றொகுதி, மற்றொன்று, தேடற்புலம். இவ்விரண்டின் இயல்பையும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு

செவிலியத் துறைக்கெனப் பெயர்பெற்ற தரவுத்தளம் ‘சினால்’ என்பதாகும். செவிலியம், அதனைச் சார்ந்த நலத்துறைகள் ஆகியவற்றின் எழுத்துகளுக்கான தொகுப்பு அட்டவணை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் இது. 1940களில் அமெரிக்காவில் எல்லா கிராண்டால், மில்ட்ரெட் கிராண்ட்புவா, மோலி சிட்னர் ஆகிய மூவரும் செவிலிய இதழ்களின் கட்டுரைகளை அட்டைகளில் குறித்து அடுக்கத் தொடங்கினர். அவ்வட்டைகளே 1961இல் அச்சு நூலாயின. 1977இல் சார்புத் துறைகளையும் சேர்த்துக்கொண்டு இன்றைய பெயரைப் பெற்ற அவ்வட்டவணை, 1984இல் கணிப்பொறி வழித் தேடலுக்கு வந்தது. 2003 முதல் எப்ஸ்கோ நிறுவனத்தின் பொறுப்பில் இருந்து வருகிறது.

இதற்கு இணையாக, அமெரிக்க நாட்டின் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் ‘மெஷ்’ எனப்படும் மருத்துவப் பொருள் தலைப்புகளை வெளியிட்டது. தொடக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த தலைப்புகள் இன்று 30,000க்கும் மேற்பட்டுள்ளன. சினாலின் தலைப்புகளும் மெஷ் அமைப்பைத் தழுவியவையே. செவிலியத்துக்கு உரிய தலைப்புகள் அவற்றில் மிகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. சினாலைப் பயன்படுத்தக் கல்லூரி சந்தா செலுத்த வேண்டும். மெஷ் தலைப்புகளைக் கொண்டு தேடும் ‘பப்மெட்’ 1997 முதல் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. எனவே சந்தா இல்லாத கல்லூரியின் மாணவரும் இம்முறையைப் பயின்றுகொள்ளலாம்.

பல சொல் ஒரு பொருள்

பல சொல் ஒரு பொருளுக்கு உரியதாய் வருதலும், ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாய் வருதலும் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியத்து உரியியல் இவ்விரண்டையும் பேசுகிறது. நிகண்டுகள் எழுந்ததும் இவற்றை ஒழுங்குபடுத்தவே. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் உணர்த்தும் ஒரு சொல்லுக்கென்றே அமைந்தது. கணிப்பொறித் தேடலிலும் இடர் தருவன இவ்விரண்டே.

முதலில் பல சொல் ஒரு பொருளாவதை நோக்குவோம். படுக்கைப் புண்ணை ஆங்கிலத்தில் ஒருவர் ‘பெட்சோர்’ என்பார். மற்றொருவர் ‘டெக்குபிட்டஸ் அல்சர்’ என்பார். வேறொருவர் ‘பிரஷர் அல்சர்’ என்பார். இது போதாதென்று, 2016இல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப் புண் ஆலோசனைக் குழு ‘பிரஷர் இஞ்சுரி’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தது. கணிப்பொறி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுமேயன்றிப் பொருளைத் தானாக அறியாது. ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு அச்சொல்லை ஆண்ட கட்டுரைகளே கிடைக்கும். ஏனைய ஆசிரியர்களின் உழைப்பு மறைந்தே கிடக்கும்.

இவ்விடரை நீக்குவதே வரையறுத்த சொற்றொகுதி. ஒரு பொருளைக் குறிக்கும் பல பெயர்களுள் ஒன்றைத் தலைப்பாகத் தேர்ந்து, ஏனையவற்றை அத்தலைப்புக்கு வழிகாட்டும் சொற்களாக வைக்கின்றனர். கட்டுரையாசிரியர் எச்சொல்லை ஆண்டிருந்தாலும், தரவுத்தளத்தில் சேர்க்கும்போது அக்கட்டுரைக்கு அத்தலைப்பே இடப்படும். மெஷ்ஷில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடினால் ‘மயோகார்டியல் இன்பார்க்‌ஷன்’ என்னும் தலைப்புக்கும், ‘கேன்சர்’ என்று தேடினால் ‘நியோப்ளாசம்ஸ்’ என்னும் தலைப்புக்கும் வழி காட்டப்படும். நிகண்டு எல்லாப் பெயர்களையும் ஒப்ப வைத்துத் தொகுக்கிறது. தரவுத்தளமோ ஒன்றை அரியணையில் அமர்த்தி மற்றவற்றை வாயிலில் நிறுத்துகிறது. வேறுபாடு இதுவே.

ஒரு சொல் பல பொருள்

இனி இரண்டாம் இடரைக் காண்போம். ‘நர்சிங்’ என்னும் ஆங்கிலச் சொல் செவிலியத்தையும் குறிக்கும்; தாய் பாலூட்டுவதையும் குறிக்கும். ‘எய்ட்ஸ்’ என்று தேடினால் நோயைப் பற்றிய கட்டுரைகளோடு, செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவியைப் பற்றிய கட்டுரைகளும் வரக்கூடும். அக்கருவியின் ஆங்கிலப் பெயரிலும் அவ்வொலி இருப்பதே காரணம். பொருள் தலைப்பைக் கொண்டு தேடும்போது இம்மயக்கம் எழுவதில்லை. பாலூட்டலுக்குத் தனித் தலைப்பும், செவிக்கருவிக்குத் தனித் தலைப்பும் உள்ளமையால் உமி வேறு அரிசி வேறு எனப் பிரிந்துவிடும்.

மரமும் கிளையும்

தலைப்புகள் வெறும் அகரவரிசையில் நிற்பவை அல்ல. மரம்போல் கிளைத்தும் நிற்பவை. ‘தோல் புண்’ என்பது தாய்க்கிளை. அதன்கீழ் அழுத்தத்தால் உண்டாகும் புண், கால் புண் முதலியன கிளைகள். கால் புண்ணின்கீழ்ப் பாதப் புண்ணும், அதன்கீழ் நீரிழிவாளரின் பாதப் புண்ணும் அமையும்.

இங்கு ஒரு விதியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கட்டுரைக்குத் தலைப்பிடுவோர் மிகப் பொருத்தமான குறுகிய தலைப்பையே இடுவர். நீரிழிவாளரின் பாதப் புண்ணைப் பற்றிய கட்டுரைக்கு அத்தலைப்பு கிடைக்குமேயன்றித் ‘தோல் புண்’ என்னும் பொதுத் தலைப்பு கிடைக்காது. ஆகவே பொதுத் தலைப்பை மட்டும் தேடுபவருக்குக் கிளைகளில் உள்ளவை அகப்படா. இதற்கெனச் சினாலில் ‘விரித்தல்’ என்னும் வசதி உண்டு. அதனைத் தேர்ந்தால் தாய்க்கிளையோடு அதன்கீழ் உள்ள கிளைகள் அனைத்தும் தேடப்படும். பப்மெட்டோ, நாம் வேண்டாவென்று விலக்கினாலொழிய, தானாகவே விரித்துத் தேடும்.

இதற்கு மறுதலையானது ‘முதன்மைத் தலைப்பு’ என்னும் வசதி. ஒரு கட்டுரைக்குப் பல தலைப்புகள் இடப்பட்டிருக்கும். அவற்றுள் கட்டுரையின் மையப் பொருளாய் அமைந்தவை முதன்மையெனக் குறிக்கப்பட்டிருக்கும். முதன்மைத் தலைப்பில் மட்டும் தேடினால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும், பொருத்தம் கூடும். விரித்தல் வலையை அகல வீசுவது. முதன்மை வலையின் கண்ணைத் தேர்வது எனலாம்.

புலங்களின் பயன்

தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பதிவு உண்டு. கட்டுரையின் பெயர், ஆசிரியர், சுருக்கம், இதழ், ஆண்டு, மொழி, பொருள் தலைப்பு எனப் பல அறைகள் அப்பதிவில் உள்ளன. இவ்வறைகளே புலங்கள். எந்தப் புலத்தில் தேட வேண்டும் என்று நாம் கட்டளையிடலாம்.

சான்றாகப் ‘பிரேடன்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் படுக்கைப் புண் வரக்கூடியவரை முன்கூட்டியே கண்டறிய ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதனைப் பற்றிய கட்டுரை 1987இல் வெளிவந்தது. ஆறு கூறுகளைக் கொண்ட அதில் 6 முதல் 23 வரை மதிப்பெண் அமையும். மதிப்பெண் குறையக் குறையப் புண் வரும் வாய்ப்பு மிகும். ‘பிரேடன்’ என்று ஆசிரியர் புலத்தில் தேடினால் அப்பெயருடையோர் எழுதியவை வரும். கட்டுரைப் பெயர்ப் புலத்தில் தேடினால் அளவுகோலையே பொருளாகக் கொண்டவை வரும். சினாலில் ஆய்வுக் கருவிக்கெனத் தனிப் புலம் ஒன்றும் உண்டு. அதில் தேடினால் அவ்வளவுகோலைப் பயன்படுத்தி நிகழ்த்திய ஆய்வுகள் வரும். சொல் ஒன்றே, புலம் மாறியதும் விடை மாறுகிறது.

ஒரு வினாவைத் தேடுவோம்

‘படுக்கையில் கிடக்கும் முதியோரை அடிக்கடி நிலைமாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் தடுக்கப்படுமா?’ என்பது வினா எனக் கொள்வோம். இதனை முழுத் தொடராகத் தேடற்பெட்டியில் இடுதல் நன்றன்று. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்ட எஸ். ஆர். அரங்கநாதன், ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பகுத்துக் காணும் முறையை உலகுக்கு அளித்தவர். அவ்வழியே நம் வினாவையும் கூறுபடுத்துவோம். புண் ஒரு கூறு. முதியோர் ஒரு கூறு. நிலைமாற்றம் ஒரு கூறு.

முதற்கூறுக்குப் பொருள் தலைப்பைத் தேர்ந்து விரித்துத் தேடுக. அதனோடு முன்னர்க் கண்ட நான்கு ஆங்கிலச் சொற்களையும் கட்டுரைப் பெயரிலும் சுருக்கத்திலும் தேடுக. இவற்றை ‘அல்லது’ என்னும் இணைப்பால் சேர்க்க. மற்ற இரு கூறுகளுக்கும் இவ்வாறே செய்க. பின்னர் மூன்று விடைகளையும் ‘மற்றும்’ என்னும் இணைப்பால் கோக்க. ‘அல்லது’ விடையைப் பெருக்கும், ‘மற்றும்’ சுருக்கும். ‘அன்று’ என்னும் விலக்கு இணைப்பை மிக்க கவனத்துடன் கையாள வேண்டும். குழந்தைகளை விலக்கினால், குழந்தைகளையும் முதியோரையும் ஒருங்கே ஆய்ந்த நல்ல கட்டுரையும் விலகிப்போகும்.

சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டுத் தேடுவதும் ஒரு முறை. ‘நர்ஸ்’ என்னும் சொல்லின் ஆங்கில அடியோடு உடுக்குறி இட்டால் ‘நர்சஸ்’, ‘நர்சிங்’ முதலியன எல்லாம் வரும். கூடவே குழந்தைகளுக்கான ‘நர்சரி’யும் வந்து நிற்கும். ஆதலின் அடிச்சொல்லை அளவறிந்து வெட்டுதல் வேண்டும்.

சொற்றொகுதியின் எல்லை

பொருள் தலைப்பு இருக்கத் தனிச்சொற்களையும் தேடுவது எதற்கு என்னும் ஐயம் எழலாம். புதிதாய்ச் சேர்ந்த கட்டுரைக்குத் தலைப்பு இடப்படச் சிறிது காலம் ஆகலாம். புதிதாய்த் தோன்றிய பொருளுக்கோ தலைப்பே இராது. 2019 இறுதியில் தோன்றிய தொற்றுநோய்க்கு 2020 பிப்ரவரி 11 அன்றுதான் உலக நல நிறுவனம் ‘கோவிட்-19’ என்று பெயரிட்டது. அதற்கு முன் எழுதியோர் ‘புதிய கொரோனா வைரஸ்’ என்பன போன்ற சொற்களை ஆண்டனர். அத்தகைய கட்டுரைகளைத் தனிச்சொல் தேடலே பிடித்துத் தரும். மேலும், பப்மெட்டின் மையமான மெட்லைன் தொகுப்பில் 2022 முதல் தலைப்பிடும் பணியைப் பெரும்பாலும் கணிப்பொறியே செய்கிறது. மனிதர் மேற்பார்வை செய்கின்றனர். எனவே தலைப்பையும் தனிச்சொல்லையும் இரு கண்களாகக் கொள்ளுதலே அறிவுடைமை.

தேடலின் எல்லை அறியாமையால் வரும் கேடு சிறிதன்று. 2001 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வொன்றில், நல்ல உடல்நலத்துடன் தாமாக முன்வந்து பங்கேற்ற 24 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். ‘ஹெக்சமெத்தோனியம்’ என்னும் மருந்தை ஆய்வுக்காக அவர் உள்ளிழுத்திருந்தார். அம்மருந்தால் நுரையீரலுக்குத் தீங்கு நேரலாம் என்பதைக் காட்டும் கட்டுரைகள் 1950களிலேயே வெளிவந்திருந்தன. ஆனால் அன்றைய பப்மெட் தேடல் 1966ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றை எட்டவில்லை. ஆய்வுக்கு முன் நடந்த தேடலில் அவை அகப்படவும் இல்லை. ‘கிடைக்கவில்லை’ என்பது ‘இல்லை’ என்பதாகாது என்னும் பாடத்தை ஓர் உயிரின் விலையில் மருத்துவ உலகம் கற்றது.

முடிவுரை

தேடத் தெரிந்தவருக்கே நூலகம் திறக்கிறது. எந்தத் தரவுத்தளம், எந்த ஆண்டு முதல், எந்தத் தலைப்பு, எந்தப் புலம் என்று குறித்துக்கொண்டு தேடுவதும், அக்குறிப்பை ஆய்வேட்டில் பதிவு செய்வதும் மாணவர் கடமை. அப்பதிவு இருந்தால் பின்வருவோர் விடுபட்டதைக் கண்டு நிறைவு செய்வர்.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் பங்கு உண்டு. படுக்கைப் புண், அழுத்தப் புண் என ஒரே துன்பத்தை நாமும் பல பெயர்களால் அழைக்கிறோம். நலத்துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெருகும் இக்காலத்தில், ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்து ஏனைய பெயர்களை அதற்கு வழிகாட்டச் செய்யும் சொற்றொகுதி தமிழுக்கும் தேவை. நிகண்டு கண்ட மொழிக்கு அது எட்டாத செயல் அன்று. சொற்களை ஒழுங்குபடுத்துதல் புலவர் பொழுதுபோக்கு எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வொழுங்கின் பயன் இறுதியில் சென்று சேர்வது, புரண்டு படுக்கவும் வலுவின்றிக் கட்டிலில் கிடக்கும் ஒரு முதியவரின் உடலுக்கே என்பதை நாம் மறத்தலாகாது.